மண் பதினெட்டு, ரோடு இருபத்தெட்டு

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று ஒன்பது கடைகளில் தராசு சோதனை. ஒரு மளிகைக் கடையில் தட்டுக்கு அடியில் பசை உருண்டை ஒட்டியிருந்தது. பதினோரு கிராம். “எப்படி ஒட்டுச்சுன்னே தெரியல சார்” என்றார் கடைக்காரர். பசைக்குக் கால் முளைத்து அதுவாக ஏறிக்கொண்டது போலிருக்கிறது. எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவியுடைய ஸ்கூட்டர் நின்ற இடம் காலி. வாங்கியவர் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். சீட் துடைக்கிற துணியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அதைத் துவைத்து மடித்து வேறு வைத்திருக்கிறாள். என்னுடைய மண் வண்டி போன வாரமே போய்விட்டது.

இந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு வண்டிதான் என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் தரையில் கோடு போட்டு நடுவில் வீட்டு எண்ணையும் எழுதிவிட்டார். அதனால் இரண்டையும் விற்று, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே பைக். திங்கள் முதல் சனி வரை அவளுக்கு: வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் கொடுக்கும் வேலை. ஞாயிறு எனக்கு: பழைய கல்குவாரி, மண், பாறை. மற்ற நாட்களில் எனக்கு ஆபீஸ் வேன் இருக்கிறது.

ஒரே வண்டி ரோட்டிலும் ஓட வேண்டும், மண்ணிலும் ஓட வேண்டும். ரோட்டுக்கென்று செய்தால் மண்ணில் வழுக்கும், மண்ணுக்கென்று செய்தால் ரோட்டில் உதறும், இரண்டும் ஒன்றில் நடக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அளந்து செய்தால் ஏன் நடக்காது? அளக்கிறதுதானே என் பிழைப்பு.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாள் முழுக்க மெக்கானிக் பட்டறையில். அவரை எல்லோரும் ‘பொறுமை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான் முதலில் வரும்.

பின் ஸ்பிரிங் என் எடைக்குத் தொய்ந்தது. கெட்டியானதாக மாற்றினோம். பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் ஏறியது. ஹேண்டிலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினோம், நின்றுகொண்டு ஓட்டும்போது முதுகு வளையாது. சீட்டுக்குள் இன்னொரு அடுக்கு ஃபோம், என் முழங்கால் இனி ரொம்ப மடங்காது. பாதி ரோடு பாதி மண் என்கிற, ரப்பர் கட்டை வைத்த டயர். எஞ்சினுக்கு அடியில் தகடு. அவளுடைய ரத்தப் பெட்டியை வைக்க ஒரு கேரியர்; நாலு திருகாணியைக் கழற்றினால் ஞாயிற்றுக்கிழமை அது இருக்காது.

பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் கழற்றிவிட்டேன். யார் உட்காரப் போகிறார்கள்? ஆபீஸ் தராசு பையில்தான் இருந்தது, வைத்துப் பார்த்தேன். தொள்ளாயிரம் கிராம் மிச்சம். பரணில் போட்டாயிற்று.

சீட் உயரம் இப்போது 86.5 சென்டிமீட்டர். பொறுமை டேப்பைப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் ஓட்டப்போறீங்கன்னு சொன்னீங்கல்ல?” என்றார். ஆமாம், அதற்குத்தானே இவ்வளவு பாடு என்றேன்.

சாயங்காலம் அவளை உட்காரச் சொன்னேன். நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன். “கொஞ்சம் உசரமா இருக்கே” என்றாள். பழகிடும் என்றேன். பிறகு கண்ணாடியைத் திருப்பி வைத்தோம்.

பிப்ரவரி 10, திங்கள்

முதல் நாள் எடுத்துக்கொண்டு போனாள். ‘வந்துட்டேன்’ என்று ஒரு வார்த்தைச் செய்தி, அவ்வளவுதான். சமத்து வண்டி.

பிப்ரவரி 16, ஞாயிறு

முதல் மண் நாள்! குவாரியில் எங்கள் கோஷ்டி ஆறு பேரும் வந்திருந்தார்கள். மச்சினன் வேனில் வந்தான், அவன் வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிற சோம்பேறி. டயரில் காற்றை 28-லிருந்து 18-க்கு இறக்கினால் மண்ணைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. “மாமாவுக்கு இருபது வயசு கொறஞ்சிடுச்சு” என்று மச்சினன் கத்தினான்.

கடைசியில் வழக்கம்போல ‘கால் வைக்காத ஓட்டம்’. இரண்டு வரிசைக் கல்லுக்கு நடுவே, இந்தக் குச்சியிலிருந்து அந்தக் குச்சி வரை, யார் மெதுவாகப் போகிறாரோ அவர் ஜெயித்தவர். கால் தரையில் பட்டால் அவுட். நான் வழக்கம்போல மூன்றாவது கல்லிலேயே அவுட். எனக்கு நீளமான கால். அது தானாகவே தரைக்குப் போய்விடுகிறது.

ஏப்ரல் 6 அன்று பெரிய பாறை ஏற்றம் வைத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக அந்தப் பாறையைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வண்டியில் ஏறிவிடலாம்.

பிப்ரவரி 17, திங்கள்

நான் ஒரு முட்டாள். காற்று ஏற்ற மறந்துவிட்டேன். நேற்று வந்த களைப்பில் கழுவித் துடைத்து நிறுத்தியதோடு சரி. இவள் காலையில் 18 காற்றோடு ரோட்டில் போயிருக்கிறாள். வளைவில் வண்டி பாம்பு மாதிரி நெளிந்ததாம். ஓரமாக நிறுத்தி, கால் பம்பால் நின்றபடியே இரண்டு டயருக்கும் அடித்திருக்கிறாள். முதல் வீட்டில் ஒரு பெரியவர் வெறும் வயிற்றோடு அரை மணி நேரம் காத்திருந்தாராம்.

“உங்க ஞாயித்துக்கிழமையை திங்கக்கிழமைக்குள்ள கொண்டு வராதீங்க” என்றாள். நியாயம்.

ஒரு அட்டை வெட்டிச் சாவியில் கட்டிவிட்டேன். ஒரு பக்கம் மண் 18. மறுபக்கம் ரோடு 28. டயரில் எந்தக் காற்று இருக்கிறதோ அந்தப் பக்கம் தெரியும்படி ஆணியில் மாட்ட வேண்டும். இனி மறதிக்கு இடமில்லை.

பிப்ரவரி 26, புதன்

பின் செயின் சக்கரத்தை இரண்டு பல் கூடுதலாக மாற்றினேன். மேட்டில் இழுக்கிறது. ரோட்டில் எஞ்சின் அலறுகிறது என்கிறாள். “பின்னாடி வர்றவங்க எனக்கு ஏதோ அவசரம்னு நெனச்சு வழி விடறாங்க” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒரு பல்லாகக் குறைத்துவிடலாம்.

செயலாளர் படியில் மறித்தார். வண்டி நிறுத்துமிடத்துத் தூணில் ஷூ தடம் கறுப்புக் கறுப்பாக இருக்கிறதாம், போன மாதம்தான் வெள்ளையடித்தாராம். “உங்க தூண்தான் சார்.” எங்கள் வீட்டில் தூணில் ஏறி விளையாட யாரும் இல்லை என்றேன். நன்றாகக் கொடுத்தேன் என்று படியேறும்போது நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

எரிச்சல். கிளட்ச் லீவர் முனை உடைந்திருக்கிறது, இடதுபக்க இண்டிகேட்டரும் தொங்குகிறது. கேட்டால், “நிறுத்தின இடத்துல சாஞ்சிடுச்சு” என்கிறாள். எப்படிச் சாயும்? சைடு ஸ்டாண்டு போடத் தெரியாதா இத்தனை வருஷம் வண்டி ஓட்டினவளுக்கு? சத்தம் போட்டுவிட்டேன். அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு காயம் இருந்தது, மருந்து போட்டுக்கொண்டுவிட்டாள். வண்டி சாயும்போது பட்டிருக்கும்.

ஆய்வகத்திலிருந்தும் லேட்டாக வந்தாள். சாப்பிடாமல் படுத்துவிட்டாள். லீவருக்காகக் கத்தியது கொஞ்சம் அதிகம்தான்.

மார்ச் 9, ஞாயிறு

புது லீவர். கையோடு இரண்டு பக்கமும் லீவர் காப்பு மாட்டினேன். இனி எத்தனை தடவை சாய்ந்தாலும் லீவருக்கு ஒன்றும் ஆகாது. அவளிடம் காட்டினேன். “நல்லது” என்றாள்.

மார்ச் 12, புதன்

வண்டி வந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் மீட்டரைக் குறித்து வருகிறேன். எத்தனை லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதற்காக. ரத்தம் எடுக்கும் வீடுகள் மாறும், வட்டாரம் மாறாது. எனவே நாளுக்கு 31 கிலோமீட்டர். என்றைக்காவது 32.

இந்த வாரம்: 38. 38. 39.

மார்ச் 18, செவ்வாய்

38.

பத்து கிராம் வித்தியாசத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறவனுக்கு ஏழு கிலோமீட்டர் கண்ணில் படாமல் போகுமா? வழக்கமான மேட்டுச் சிக்னல் வழியாகப் போனால் 31-தான். நான் வரைபடம் வைத்து அளந்துவிட்டேன். அப்படியானால் எங்கே போகிறாள்?

வண்டி வந்ததிலிருந்தே ஒரு மாதிரி இருக்கிறாள். காலையில் என்னோடு கீழே இறங்குவதில்லை. “நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்” என்கிறாள். நான் வேனில் ஏறிப் போன பிறகுதான் வண்டியை எடுக்கிறாள். நான் பார்க்கக் கூடாது என்று என்ன இருக்கிறது அதில்?

சந்தேகமா? சே, அதெல்லாம் இல்ல. கணக்கு ஒத்து வரல, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

மார்ச் 19, புதன்

மச்சினன் போன் செய்தான், பாறை ஏற்றத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்றா என்று. பேச்சுவாக்கில் ஏழு கிலோமீட்டர் சமாச்சாரத்தைச் சொன்னேன். “ஏழு கிலோமீட்டருக்கா மாமா இப்படி இழுக்கறீங்க? அக்காகிட்டயே கேட்டா முடிஞ்சு போச்சு” என்றான். அவனுக்கென்ன, கல்யாணம் ஆகாதவன்.

மார்ச் 21, வெள்ளி

கேட்டேன். சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். “மேட்டுச் சிக்னல் பக்கம் ரோடு வேலை நடக்குது, கால்வாய் ரோட்டைச் சுத்தி வர்றேன்” என்றாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. வெங்காயத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மார்ச் 24, திங்கள்

இன்று சோதனைக்குப் போகும்போது வேன் டிரைவரிடம் சொல்லி மேட்டுச் சிக்னல் வழியாகவே போனேன். ரோடு வேலையும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. நல்ல அகலமான ரோடு. ஏற்றத்தில் சிக்னல். பச்சை விழுந்ததும் எல்லா வண்டியும் அலுங்காமல் போகிறது.

பொய் சொல்லியிருக்கா. எங்கிட்ட. பதினாறு வருஷத்துல என்ன பொய் சொல்லியிருக்கா இவ? புதுத் துணி எடுத்தா பழசும்பா, அவ்வளவுதான். மத்தியானம் சாப்பாடு இறங்கல. ஒரு பழக்கடைத் தராசுல முத்திரையைத் தலைகீழா குத்திட்டேன். கடைக்காரர் பாவமா பார்த்தாரு.

மார்ச் 25, செவ்வாய்

இன்று அவளுக்கு விடுப்பு. தலைவலி என்று படுத்திருந்தாள். வேலையிலிருந்து வந்ததும் நான் கீழே போனேன். கேரியர் ஆடுகிறது என்று நேற்றுச் சொன்னாள். பெட்டிக்குள்ளே கைவிட்டால்தான் அந்தத் திருகாணியை முறுக்க முடியும். அதற்காகத்தான் திறந்தேன். வேறெதற்கும் இல்லை. (இதை யாருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்?)

மூடியின் உட்பக்கம் ஒரு தாள். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியால் நாலு மூலையும் ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்து. அப்படியே இங்கே எழுதுகிறேன்:

மஞ்சள் கேட் – படி உண்டு, இடதுபக்கம்.
மருந்துக்கடை மூலை – நடைபாதைத் திட்டு.
மாடி வீடு – தண்ணீர்த் தொட்டி ஓரம். லாரி நின்றால் அடுத்த தெரு.
டீச்சர் வீடு – ஒன்றும் இல்லை. முனையில் நிறுத்தி நடக்கணும்.
மேட்டுச் சிக்னல் – ஒன்றும் இல்லை. போகவே கூடாது.
ஆய்வகம் – வாட்ச்மேன் பிடிப்பார்.
நம் வீடு – தூண்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கடைசி வரியில்தான் விளங்கியது. தூணைப் பார்த்தேன். என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, கறுப்பாக, ஒன்றன் மேல் ஒன்றாக ஷூ தடம். சின்ன ஷூ.

கால் எட்டவில்லை. வண்டியை நிறுத்தினால் அவளுக்குத் தரைக்குக் கால் எட்டவில்லை. படியோ திட்டோ இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து நிறுத்தியிருக்கிறாள், ஒன்றரை மாதமாக. ஏழு கிலோமீட்டர் சுற்றியது எவனையும் பார்க்க இல்லை. ஒரு சிக்னலுக்குப் பயந்து.

தாளை எடுக்கவில்லை. மூடியை மூடிவிட்டு அங்கேயே தரையில், எங்கள் வீட்டு எண்ணின் மேல் உட்கார்ந்துவிட்டேன். செயலாளர் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

மார்ச் 26, புதன்

நேற்று ராத்திரி பேசத் தைரியம் வரவில்லை. காலையில் வேனைப் போகச் சொல்லிவிட்டு, “இன்னிக்கு உன்கூட கீழ வர்றேன், நீ வண்டி எடுக்கறதைப் பார்க்கணும்” என்றேன்.

ஷூவை மாட்டியிருந்தவள் திரும்பினாள். “பெட்டியைத் திறந்தீங்களா?”

ஆமாம் என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிட்டாள். பிறகு சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை மேட்டுச் சிக்னலில், ஏற்றத்தில், வண்டி பின்னால் நழுவியிருக்கிறது. காலை நீட்டினால் தரை இல்லை. வண்டி அவள் மேலேயே சாய்ந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்து தூக்கிவிட்டாராம். “எனக்கு அடிபட்டது பெருசில்லைங்க. பெட்டியில ரெண்டு குழாய் உடைஞ்சு போச்சு. அதுல ஒண்ணு அந்தப் பெரியவரோடது. அவருக்கு நரம்பே கிடைக்காது, மூணு தடவை குத்தி எடுத்த ரத்தம். திரும்பப் போய், ‘ஐயா, இன்னொரு தடவை குத்தணும்’னு கேட்டேன். சட்டையை மடிச்சுவிட்டுக் கையை நீட்டினாரு. வீட்டுக்கு வந்தா நீங்க லீவர் லீவர்னு கத்தறீங்க.”

அன்று அவள் தாமதமாக வந்தது அதனால்தான். சாப்பிடாமல் படுத்ததும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

“சொன்னேனே. முதல் நாளே சொன்னேன். பழகிடும்னீங்க.”

“மறுபடி சொல்லியிருக்கலாமே.”

“ஞாயித்துக்கிழமை நீங்க திரும்பி வர்ற முகத்தைப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன். அதைக் கெடுக்க மனசு வரல. அதுக்காகப் பெரிய மனசுன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு உங்க மேல அவ்வளவு கோவம் இருக்கு. என் ஸ்கூட்டரைக் குடுத்தப்ப அழுதேன், அதுவும் உங்களுக்குத் தெரியாது.”

பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். நான் கீழே போய் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். என் தோளில் கை வைத்து ஏறினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

இந்த நோட்டைத் திருப்பிப் படித்தேன். ஸ்பிரிங்குக்கு எத்தனை வரி, டயருக்கு எத்தனை வரி. ஃபுட்ரெஸ்ட்டைத் தராசில் வேறு வைத்திருக்கிறேன். அவளுக்கு: “கொஞ்சம் உசரமா இருக்கே.” அதற்கு என் பதில். அடுத்த வரியில் கண்ணாடி.

காயத்தைக்கூட எழுதியிருக்கிறேன். ‘வண்டி சாயும்போது பட்டிருக்கும்.’ சாய்ந்த வண்டிக்குக் காப்பு போட்டேன். வெட்கமாக இருக்கிறது. தூணுக்காகச் செயலாளரிடம் எகத்தாளம் பேசினவனும் நான்தான். நாளைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டு, சுண்ணாம்பு வாங்கி நானே அடித்துவிட வேண்டும்.

ஒவ்வொரு கடையிலும் ஏறி இறங்கி அடுத்தவன் அளவில் குற்றம் கண்டுபிடிக்கிறேன். பெண்டாட்டி கால் நீளம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.

மார்ச் 30, ஞாயிறு

குவாரிக்குப் போகவில்லை. இரண்டு பேரும் பொறுமையிடம் போனோம். நான் நடந்து, அவள் வண்டியில்; பின்னால் உட்காரத்தான் வழியில்லையே. அவள் திட்டு இருக்கும் இடங்களில் நின்று நின்று எனக்காகக் காத்திருந்தாள்.

அவளைப் பட்டறைச் சுவரில் முதுகை ஒட்டி நிற்கவைத்துக் கால் நீளத்தை அளந்தேன். 71 சென்டிமீட்டர். நோட்டின் முதல் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே எழுதிக்கொண்டேன்.

“அன்னிக்கே கேட்டேன், ரெண்டு பேரான்னு” என்றார் பொறுமை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஸ்பேனரைப் பார்த்துச் சொன்னார். பழைய ஸ்பிரிங் திரும்பவும் பின்னால் போனது. முன் ஃபோர்க்கைப் பிடிப்பில் தளர்த்தி ஒரு விரல் மேலே தள்ளினோம், முன்பக்கமும் இறங்கியது. கூடுதல் ஃபோமை உருவியதோடு சீட்டின் முன்பக்க ஓரம் இரண்டையும் சரித்து வெட்டினார். “உசரத்தை மட்டும் பார்த்தா போதாது சார். சீட்டு அகலமா இருந்தா காலை விரிக்கறதுலயே நீளம் போயிடும்.” இது எனக்குத் தோன்றவே இல்லை.

86.5-லிருந்து 81. நான் கிளப்பப் போனேன், அவர் கையைப் பிடித்தார். “பொறுமை. சைடு ஸ்டாண்டு பழைய நீளம். இப்படியே நிறுத்தினா வண்டி நட்டுக்குத்தலா நிக்கும், காத்தடிச்சா அந்தப் பக்கம் விழும்.” அதையும் வெட்டிப் பற்றவைத்தார்.

எல்லாவற்றையும் அவளுக்காகவே செய்துவிடலாம், மண் டயரையும் கழற்றிவிடலாம், பாறைக்கு நான் பெயர் கொடுக்கப் போவதில்லை என்றேன். அவளுக்கு அப்போதுதான் உண்மையாகக் கோபம் வந்தது. “தியாகம் பண்ணிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறதா இருந்தா வேண்டவே வேண்டாம். வண்டி ரெண்டு பேருக்கும்னுதானே வாங்கினோம்?” டயர் இருக்கட்டும் என்று பொறுமையிடம் அவளே சொன்னாள்.

உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்தால் இடது பாதம் பாதிக்குமேல் தரையில். அப்படியே இரண்டு நிமிடம் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 2, புதன்

31.

மூடிக்குள் தாள் இல்லை. பிளாஸ்திரித் தடம் மட்டும் இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாறை ஏற்றம். அவளும் வந்தாள், தம்பியோடு வேனில், ஆறு பேருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: நான் ஏறவில்லை. பாதிப் பாறையில் அடித்தகடு உட்கார்ந்துகொண்டது, சக்கரம் சும்மா சுற்றியது. இரண்டாவது தடவையும் அதே இடம். பழைய உயரத்தில் ஏறியிருப்பேனோ என்னவோ. மனசு ஒரு நிமிடம் அடித்துக்கொண்டது. பொய் சொல்ல மாட்டேன். கயிறு போட்டு இழுத்துக் கீழே கொண்டுவந்தார்கள்.

சாப்பிட்ட பிறகு கால் வைக்காத ஓட்டம். கல் அடுக்கினார்கள். நான் இரண்டாவது கல்லில் அவுட். இறங்கும்போது அவள் வந்து, “நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?” என்றாள். மச்சினன் சிரித்தான். “அக்கா, இது ரோடு இல்ல.”

ஏறினாள். முதல் கியர். கிளட்சை முக்கால்வாசி அழுத்தி, பின் பிரேக்கில் லேசாகக் கால் வைத்து, நடக்கிற வேகத்துக்கும் கீழே. மூன்றாவது கல். ஐந்தாவது கல். நடுவில் வண்டி அப்படியே நின்றேவிட்டது, இரண்டு கால்களும் மேலேயே இருக்கின்றன. உடம்பை ஒரு இம்மி நகர்த்தினாள், திரும்பவும் ஊர்ந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து கல் பக்கம் வந்தார்கள். குச்சியைத் தாண்டியபோது மச்சினன் கையிலிருந்த கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தான். எங்கள் கோஷ்டியில் இதுவரை யாரும் அவ்வளவு மெதுவாகப் போனதில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பாதியில் கை நின்றுவிட்டது. இதை எங்கே கற்றாள்? ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும், நின்றுவிடக் கூடாது, நின்றால் விழுவோம் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டிக் கற்றது. அதற்குத்தான் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மண் விழுந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

வந்து இறங்கினாள். முகமெல்லாம் மண். அந்த முகத்தை எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பி வருகிற முகம் என்று அவள் சொன்னாளே, அது இப்படித்தான் இருந்திருக்கும்.

“இன்னொரு தடவை?” என்று அவளேதான் கேட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலை அவள், மத்தியானம் நான். நின்றுகொண்டு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். நின்றுவிட்டால் கால் நீளமாவது குட்டையாவது, எல்லோரும் ஒன்றுதான். ஒரு தடவை விழுந்தாள். நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். “வண்டியைப் பாருங்க, பெட்ரோல் ஒழுகுது” என்று கத்தினாள். ஒழுகட்டும் என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

31. ஒன்பது கடைகள். எல்லாத் தராசும் சரி. எனக்கே அலுப்பாக இருந்தது.

என்மேல் இன்னும் கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். “கொஞ்சம் இருக்கு. இருக்கட்டும், நல்லதுதான் உங்களுக்கு” என்றாள்.

மே 8, வியாழன்

40.

முப்பத்தொன்றுக்கு மேல் ஒன்பது. இந்தத் தடவை மீட்டரைப் பார்த்ததும் வரைபடத்தை எடுக்கத் தோன்றவில்லை. டயரைப் பார்த்தேன். கட்டைகளின் இடுக்கில் ஈர மண். ஞாயிற்றுக்கிழமை நான்தான் கழுவினேன், ஒரு துளி இல்லாமல். இது என் மண் இல்லை.

மேலே வந்தேன். சாவி ஆணியில் தொங்கியது. அட்டையில் மண் பக்கம் தெரிந்தது.

குளித்துவிட்டு ஏதோ பாட்டை முனகிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். நான் பம்பை எடுத்துக்கொண்டு கீழே போய் முன் டயருக்கு அடித்து முடித்தேன், பின் டயரைத் தொடும்போது இறங்கி வந்தாள்.

“மறக்கலை, சாப்பிட்டுட்டு அடிக்கலாம்னு இருந்தேன்” என்றாள். பம்பை வாங்கி மிச்சத்தை அவள் அடித்தாள். அடித்துக்கொண்டே சொன்னாள்: கால்வாய் ரோட்டிலிருந்து ஒரு மண் பாதை பிரிகிறதாம். முன்பு தினமும் சுற்றிப் போனபோது பார்த்துவைத்ததாம், எங்கே போகிறது என்று அப்போது இறங்கிப் பார்க்கப் பயம். இன்று வேலை சீக்கிரம் முடிந்ததும் போயிருக்கிறாள்.

“எங்கதான் போகுது?”

“சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன். நான் ஓட்டறேன், நீங்க பின்னாடி உக்காந்து வாங்க.”

28 வந்ததும் நிறுத்தினாள். மேலே போய் அட்டையை ரோடு பக்கம் திருப்பி மாட்டினாள். நான் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, பழைய பெட்டிகளுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவி, அந்த இரண்டு ஃபுட்ரெஸ்ட்டையும் எடுத்தேன். தூசி தட்டிக் கீழே கொண்டுபோய், அவள் டார்ச் பிடிக்க, இரண்டு பக்கமும் முறுக்கி மாட்டினேன். வண்டி தொள்ளாயிரம் கிராம் கூடியிருக்கிறது.